அப்பாயிக்கும் ஒரு முழுச் சீட்டு

(மூன்றாம் ஆண்டு, பி.ஏ. பொருளாதாரம்)

'தீம் பார்க்' என்ற சொல்லுக்கு நல்ல தமிழ் எது என்று எங்கள் வகுப்பில் ஒருநாள் விவாதம் கிளம்பிற்று. பேராசிரியர் வரக் கால்மணி நேரம் தாமதமானால் இப்படிப்பட்ட நல்ல விவாதங்கள் கிளம்புவது வழக்கம். 'கேளிக்கைப் பூங்கா' என்றார் ஒருவர். 'பொழுதுபோக்குப் பூங்கா' என்பதே செய்தித்தாள் வழக்கு என்றார் மற்றொருவர். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், "பணம்போக்குப் பூங்கா என்று வைத்துவிடுங்கள், பொருத்தமாக இருக்கும்" என்றது. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பொருளாதாரம் படிக்கிற நமக்குச் சிரிப்போடு விட்டுவிட உரிமை உண்டா? இந்தப் பூங்காக்கள் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாமல் போய்விட்டனவா, போய்விட்டன என்றால் எதனால், என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

விலை அதிகம் என்று சொல்வது எளிது. எந்தப் பொருளின் விலைதான் இன்று குறைவு? தங்கம் விற்கிற விலையில் அதைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை. வாங்க முடிந்தவர் வாங்குகிறார், முடியாதவர் கடை வாசலைக் கடந்து போகிறார். ஆனால் தங்கத்தை ஒருவர் தனியாகப் போய் வாங்கலாம். பூங்காவுக்குத் தனியாகப் போகிறவர் யார்? குடும்பம் என்ற கும்பல் அப்படியே போகிறது. அந்தக் கும்பலைத் தலை எண்ணி வசூலிக்கும்போது என்ன நடக்கிறது என்பதே என் விஷயம்.

முதலில் என் கும்பலை அறிமுகப்படுத்திவிடுகிறேன். திருவரங்கத்து மூலத்தோப்பில் எங்கள் வீடு. அப்பாவுக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. மாதம் 18,000 ரூபாய் சம்பளம். அம்மா வீட்டிலிருந்தபடியே பூக்கட்டிக் கொடுக்கிறார். தம்பி அப்போதுதான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தான். எழுபத்திரண்டு வயதான அப்பாயி. பிறகு நான். ஆக ஐவர். 2025 மே மாதம் நாங்கள் ஐவரும் சென்னைப் பக்கத்தில் உள்ள ஒரு பூங்காவுக்குப் போனோம். பெயர் வேண்டாம், எல்லாப் பூங்காவும் ஏறக்குறைய இப்படித்தான் என்று போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள்.

இந்தப் பயணத்தில் எங்கள் எல்லோரையும்விட அப்பாவுக்குத்தான் ஆர்வம். 1990 வாக்கில் பள்ளிச் சுற்றுலாவில் சென்னைக்குப் போனவர் அவர். வி.ஜி.பி. கோல்டன் பீச்சில் சிலை மனிதனைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றுப்போன கதையை இன்றும் சொல்வார். அதற்குப்பின் முப்பத்தைந்து ஆண்டுகளாக உல்லாசப் பயணம் என்று அவர் எங்கும் போனதில்லை. "அம்மா வீட்டுலயே இருக்கட்டுமே" என்று அம்மா மெல்ல இழுத்ததற்கு, "பெத்தவள விட்டுட்டு என்ன உல்லாசம்?" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார்.

அப்பாயி முந்தின நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சி, கட்டுச்சோறு கட்டிவிட்டார். இரவு ரயிலேறி, விடிந்து இறங்கி, ஆட்டோ பிடித்துக் காலை ஒன்பதரை மணிக்குப் பூங்கா வாசலில் நின்றோம். பையைச் சோதித்த காவலர், "பாட்டிம்மா, வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது" என்றார். பாவம், பணிவாகத்தான் சொன்னார். ஐந்து பேருக்கான புளியோதரையை என்ன செய்வது? வாசலுக்கு எதிரே ஒரு வேப்பமரம். அதன் அடியில் உட்கார்ந்து, மதிய உணவைக் காலை ஒன்பதரைக்கே முடித்துக்கொண்டோம். அன்று அந்த மரத்தடியில் எங்களைப் போல இன்னும் மூன்று குடும்பங்கள் இருந்தன. ஒரு குடும்பத்தில் எலுமிச்சைச் சோறு, இன்னொன்றில் இட்லியும் மிளகாய்ப்பொடியும். மாவடு கைமாறிற்று. உள்ளே பார்த்த எந்த வேடிக்கையையும்விட அந்த அரைமணி நேரம் நன்றாக இருந்தது என்று அம்மா இன்றும் சொல்கிறார்.

சீட்டு கொடுக்கும் இடத்தில் சுவரில் ஓர் அளவுகோல் வரைந்திருந்தார்கள். சிறுவர் சீட்டுக்கு வயது கணக்கில்லை, உயரமே கணக்கு. தம்பி எங்கள் தாத்தாவைப் போல. பதினொரு வயதிலேயே கோட்டைத் தாண்டி நின்றான். வளர்ந்ததற்கு அபராதமாக அவனுக்கும் முழுச் சீட்டு. பந்தலில் பாகற்காய் நீண்டால் பெருமை. பிள்ளை நீண்டால் 250 ரூபாய் கூடுதல்!

நான் ஒரு சின்ன நோட்டில் செலவைக் குறித்துக்கொண்டே வந்தேன். படிப்பின் பலன். அதை அப்படியே தருகிறேன். ரயில் போக வர 2,500. ஆட்டோ 900. நுழைவுச் சீட்டு தலைக்கு 1,300 வீதம் ஐவருக்கு 6,500. பெட்டக வாடகை 150. பருத்தித் துணியோடு நீரில் இறங்கக்கூடாது என்பதால் அம்மாவுக்கும் எனக்கும் நைலான் உடைகள் 700. காலையிலேயே சாப்பிட்ட வயிறு இரண்டு மணிக்குச் சும்மா இருக்குமா? உள்ளே உணவுக்கு 1,640. கூட்டினால் 12,390 ரூபாய். அப்பாவின் மாதச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே, ஒரே நாளில்.

இன்னொரு கணக்கும் குறித்தேன். யார் எத்தனை ஏறினார்கள்? தம்பி 14. நான் 6. அப்பா 2. அம்மா ஒரே ஒரு முறை, அதுவும் குட்டி ரயிலில். அப்பாயி சுழியம். மொத்தம் 23. நுழைவுச் சீட்டுத் தொகையை மட்டும் இதனால் வகுத்தால், ஒரு முறை ஏறி இறங்க ஏறத்தாழ 283 ரூபாய் ஆகிறது. ஆனால் இந்தச் சராசரி பொய் சொல்கிறது. தம்பிக்கு ஒரு முறைக்கு 93 ரூபாய்தான், மிக மலிவு. அம்மாவுக்கு ஒரு முறைக்கு 1,300. அப்பாயிக்கு? எந்த எண்ணையும் சுழியத்தால் வகுக்கலாகாது என்று கணக்கு வாத்தியார் எட்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்.

அப்பாயி நிழலாக ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, எங்கள் பைகளுக்குக் காவலாக, மாலை வரை உட்கார்ந்திருந்தார். சீட்டு விலை என்ன என்று தம்பி உளறிவிட்டான். "ஒக்கார்றதுக்கு ஆயிரத்து முந்நூறா? வீட்டுத் திண்ண சும்மாத்தானேடா கெடக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தம்முடைய மதிப்பு இவ்வளவா என்று வியந்ததுபோல்தான் சொன்னார். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். அந்த வேலைக்குப் போகிற ஒரு பாட்டி ஏறக்குறைய நான்கு நாள் மண்வெட்டி பிடித்தால்தான் அந்தப் பெஞ்சில் ஒரு நாள் உட்காரலாம்.

நிற்க. இதில் நம் பாடநூலுக்கு வேலை இருக்கிறது. வால்டர் ஓய் என்ற பொருளாதார அறிஞர் 1971இல் டிஸ்னிலாந்தின் பெயரையே தலைப்பில் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பேராசிரியர் அதை நுண்பொருளாதார வகுப்பில் விளக்கியபோது எனக்கு அந்தப் பெஞ்சுதான் நினைவுக்கு வந்தது. பூங்கா முதலாளிக்கு இரண்டு வழிகள் உண்டு. வாசலில் பெருந்தொகை வாங்கிக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் இலவசமாக விடலாம். அல்லது வாசலைத் திறந்து வைத்து, ஏறும் ஒவ்வொன்றுக்கும் காசு வாங்கலாம். பழைய தொலைபேசி வாடகையும் அழைப்புக் கட்டணமும் போல இரண்டையும் கலக்கவும் செய்யலாம். வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆசை உள்ளவர்களாக இருந்தால், வாசலிலேயே முழுவதையும் வாங்கிவிடுவது முதலாளிக்கு மிக இலாபம். ஆசைகள் வேறுபட்டால் அப்படிச் செய்யலாகாது. குறைவாக ஏறுகிறவர் வாசலோடு திரும்பிப்போய்விடுவார். எனவே வாசல் கட்டணத்தைக் குறைத்து, ஏறும் கட்டணத்தைக் கூட்ட வேண்டும்.

அப்பாயியைவிடக் குறைவாக ஏறுகிறவர் யார் இருக்க முடியும்? கோட்பாட்டின்படி அவர் வாசலோடு திரும்பியிருக்க வேண்டும். ஏன் திரும்பவில்லை? பெற்றவளை விட்டுவிட்டு உல்லாசம் என்ன என்று ஒரு மகன் நினைத்ததால்! அப்பாயிக்கு வாங்கிய சீட்டின் விலையை அப்பாயியின் ஆசை தரவில்லை. அப்பாவின் பாசம் தந்தது. குடும்பம் என்பது பிரிக்கக்கூடாத மூட்டை என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த வாசல் நிற்கிறது. அதைப் பாசத்தின் மேல் விதித்த வரி என்பேன். உண்மை வரியும் அதில் உண்டு. பூங்கா நுழைவுக்கு 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடாக வந்தது. 2018 ஜனவரியில் 18 ஆகக் குறைந்தது. அந்தக் கணக்கில் பார்த்தால், அப்பாயி பெஞ்சில் உட்கார்ந்த வகையில் அரசுக்கும் ஏறத்தாழ 198 ரூபாய் போய்ச் சேர்ந்தது.

இந்த வாசல் முறை ஆதியிலிருந்தே இருந்ததா என்றால், இல்லை. 1955 ஜூலையில் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து திறந்தபோது பெரியவருக்கு நுழைவு ஒரு டாலர், சிறுவருக்கு அரை டாலர். ஏறுவதற்குத் தனிக் காசு. பிறகு சீட்டுப் புத்தகம் வந்தது. ஏ, பி, சி என்று எழுத்திட்ட சீட்டுகள். 1959இல் சேர்ந்த 'ஈ' சீட்டு மிகப் பெரிய வேடிக்கைகளுக்கானது. ஏறாத பாட்டி தன் சீட்டைப் பேரனிடம் கொடுத்துவிடலாம் அன்றோ? 1982இல் அந்தப் புத்தகத்தை ஒழித்து, ஒரே நுழைவுச் சீட்டு என்று ஆக்கினார்கள். இன்று கூட்டம் மிகுந்த நாளில் அந்தச் சீட்டு 200 டாலரைத் தாண்டுகிறது. வரிசையில் நில்லாமல் ஏறுவதற்கு 1999இல் இலவசமாகத் தொடங்கிய வசதியும் 2021 முதல் காசுக்குத்தான். (இதைப் படித்தபோது எனக்குக் கோயில்களின் சிறப்புத் தரிசனச் சீட்டு நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்று: கோயில் வாசலில் தலைக்கு இவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. தர்ம தரிசன வரிசை நீளமாக இருக்கலாம், அது அடைபடுவதில்லை.)

பூங்கா நடத்துகிறவர்கள் பக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் பொருளாதார மாணவி ஆகமாட்டேன். அவர்கள் செலவில் பெரும்பகுதி நிலையான செலவு. நிலம், இயந்திரம், பராமரிப்பு, பாதுகாப்புச் சோதனை, நீரைச் சுத்தம் செய்வது, ஆட்களுக்குச் சம்பளம். பத்துப் பேர் வந்தாலும் பத்தாயிரம் பேர் வந்தாலும் இது அதிகம் மாறாது. கூட்டமோ கோடையிலும் பண்டிகையிலும்தான். ஒவ்வொரு ராட்டினத்தடியிலும் காசு வாங்க ஆள் நிறுத்துவதும் செலவே. பாதுகாப்பைப் பொறுத்தவரை, திருவிழா ராட்டினத்தின் துருவேறிய கம்பியைப் பார்த்தவர்கள் பூங்காவைக் குறை சொல்லத் தயங்குவார்கள். என் வகுப்புத் தோழி ஒருத்தி இன்னொன்றும் சொன்னாள்: "ஏறுகிற ஒவ்வொன்றுக்கும் காசு என்றால் குழந்தை ஒவ்வொரு இடத்திலும் கையைப் பிடித்து இழுக்கும், அப்பாவும் ஒவ்வொரு இடத்திலும் 'வேண்டாம்' என்று சொல்லியாக வேண்டும். ஒரே சீட்டு என்றால் வாசலில் ஒருமுறை வலிப்பதோடு போயிற்று." இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை.

ஆனால் பொருட்காட்சியைப் பாருங்கள். சென்ற ஆண்டு திருச்சியில் போட்டிருந்த ஒன்றுக்கு இதே ஐவரும் போயிருந்தோம். வாசலில் சிறு தொகை. தம்பி ராட்சத ராட்டினத்திலும் கொலம்பஸிலும் ஏறினான். கொலம்பஸில் இரண்டாம் முறையும் ஏறினான். நான் ராட்டினத்தில் ஒரு முறை. அவ்வளவே ஏற்றம். ஐவருக்கும் டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி. ஆயிரம் ரூபாய்க்குள் எல்லாம் முடிந்தது. அப்பாயி அங்கேயும் எதிலும் ஏறவில்லை. ஆனால் அங்கே அவருக்கு வேலை இருந்தது! தம்பியின் செருப்பையும் என் கைப்பையையும் வாங்கி வைத்துக்கொண்டு, தொட்டி உச்சிக்குப் போகும்போதெல்லாம் கழுத்தை அண்ணாந்து, "புடிச்சுக்கடா! கம்பியப் புடிச்சுக்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார். சுற்றியிருந்தவர்கள் ராட்டினத்தை விட்டுவிட்டு அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். மரணக் கிணற்றில் பைக் சுற்றும் ஓசை வெளியே கேட்கிறது, கேட்பதற்குக் காசில்லை. சித்திரைத் தேருக்கு வரும் கிராமத்து ஜனங்களில் பாதிப் பேர் திருவரங்கத்துத் தெருக்களில் கடைகளைப் பார்ப்பதோடு சரி, ஒன்றும் வாங்குவதில்லை. அவர்கள் தேருக்கு வரவில்லை என்று யாராவது சொல்வோமா? வேடிக்கை பார்ப்பதும் ஒரு பங்கெடுப்புத்தான். குடும்பத்தில் நாலு பேர் பார்த்தால்தான் ஒருவர் ஏறுவதில் சுகம். பூங்கா, பார்ப்பதற்கும் ஏறுவதற்கும் ஒரே விலை வைத்துவிட்டது.

வேறு விதமாக நடத்த முடியாதா? முடிகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கனோபல்ஸ் என்றொரு பூங்கா 1926 முதல் நடக்கிறது. அங்கே வாசலில் கட்டணமே இல்லை. ஏறுவதற்கு மட்டும் சீட்டு. கட்டுச்சோறு கொண்டுபோய் உள்ளேயே உட்கார்ந்து சாப்பிடலாம். கோபன்ஹேகன் நகரில் 1843இல் திறந்த டிவோலியில் நுழைவு தனி, ஏற்றம் தனி. ஆகவே 'தொழிலுக்குக் கட்டாது' என்ற வாதம் முழு உண்மையாக இருக்க முடியாது. நம் ஊர்ப் பூங்காக்களும் ஏறுகிறவர் கையில் ஒரு பட்டை, பார்க்கிறவர் கையில் வேறு நிறத்தில் ஒரு பட்டை கட்டினால் என்ன? பட்டை இல்லாமல் ஏறினால் பிடித்துக்கொள்ளலாம். அப்பாயியை அவர்கள் ஒரு நாளும் பிடிக்கவேண்டி வராது.

"நம் ஊரிலேயே எவ்வளவு இடமிருக்க, அவ்வளவு தூரம் போவானேன்?" என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே எங்கள் ஐவரில் மூவருக்கு முக்கொம்பு வரை செலவே கிடையாது. ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை, காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடம், மரநிழல், கட்டுச்சோற்றைத் தடுக்க ஆளில்லை. மேலூரில் 2015இல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது. கம்பரசம்பேட்டைப் பக்கம் ஐந்திணைகளின் பெயர் சொல்லும் பறவைகள் பூங்கா 2025இல் திறந்தது. ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபமே ஒரு பெரிய பூங்காதான். அங்கே சித்திரான்னம் கொண்டுவராதவர்தான் வேற்றாளாகத் தெரிவார்.

இவை எல்லாம் தம்பிக்குத் தெரியும். முக்கொம்புக்கு இருபது முறை போயிருக்கிறான். ஆனால் தலைகீழாகச் சுற்றுகிற ஒன்றை அங்கே யாரும் கட்டவில்லையே! "கல்லணையப் பாருடா, கரிகாலன் கட்டுனது" என்று பதினொரு வயதுப் பையனுக்குச் சொல்லலாம், அவன் பார்ப்பான், அடுத்த நிமிஷம், "இதுல ஏற முடியாதா?" என்பான். வேகத்தின்மேல் பிள்ளைகளுக்கு உள்ள ஆசையைச் சரித்திரத்தால் ஈடுகட்டிவிடலாம் என்று பெரியவர்கள் நினைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஆசை நியாயமானது. லேத் பட்டறைத் தொழிலாளியின் மகனுக்கும் அது உண்டு, ஆண்டுக்கு ஒருமுறையாவது.

2025 டிசம்பரில் சென்னைக்குத் தெற்கே திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா பூங்கா திறந்த செய்தி வந்ததிலிருந்து தம்பியின் வகுப்பில் வேறு பேச்சில்லையாம். அதற்கும் நுழைவு ஆயிரத்துக்கு மேல்தான். வருகிற மே மாதத்துக்கு இப்போதே விண்ணப்பம் போட்டுவிட்டான். அப்பா மறுக்கவில்லை. கூடுதல் நேர வேலை கிடைக்குமா என்று பட்டறையில் கேட்டிருக்கிறார். என் நோட்டை வாங்கி, அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் இரண்டு கணக்குகள் போட்டு வைத்திருக்கிறார். ஒன்று ஐந்து பேருக்கு. மற்றொன்று நான்கு பேருக்கு. இரண்டாவது கணக்கை யாரும் அவரைப் போடச் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. ஆனால் அப்பாயிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். நான்கு நாளாக முழங்கால் வலி என்கிறார். மே மாதத்தில் ரயிலேறி உட்கார்ந்தால் மடக்க முடியாது என்கிறார். சென்ற ஆடிப் பதினெட்டில் அம்மா மண்டபத்துப் படிகள் அத்தனையும் இறங்கி, முழுக்குப் போட்டு, ஈரச் சேலையோடு எனக்கு முன்னால் ஏறிவந்தவர் அவர்.